மும்பையில் இருந்து பார்க்கும் தமிழ்த் தொடர்கள், படங்கள், நடிகர்கள்: எது மனதில் நின்றது?

செம்பூர் வாசகி

சமீப வருடங்களில் ஓடிடியில் வந்த தமிழ்த் தொடர்கள், படங்கள், அவற்றில் நடித்தவர்கள் பற்றி நம் மும்பைக்காரர்கள் மனதில் பட்டதைச் சொல்லலாம் என்றுதான் இந்த இழை. நம்மில் பலருக்கு ஊர் என்பது கோடை விடுமுறையில் போய் வரும் இடம். மற்ற நாட்களில் தமிழ்நாடு நம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் டிவி வழியாகத்தான். அதனால் நான் ஒரு தொடரில் முதலில் பார்ப்பது, அது எந்த ஊரில் நடக்கிறது, அந்த ஊர் உண்மையாகவே அதில் இருக்கிறதா என்பதை.

அந்த வகையில் என் மனதில் முதலில் நிற்பது ஜீ5இல் 2023 ஜனவரியில் வந்த 'அயலி'. வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது, உடனே கல்யாணம் என்ற கட்டுப்பாடு உள்ள வீரப்பண்ணை என்ற கிராமம், 1990. டாக்டராக வேண்டும் என்று நினைக்கும் ஒரு பெண், தான் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள். எட்டு எபிசோடு. இதைக் கண்ணீரும் கம்பலையுமாக எடுத்திருக்கலாம். இயக்குநர் முத்துக்குமார் அப்படிச் செய்யவில்லை. ஊர்ப் பெரியவர்களின் பிடிவாதத்தைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டி, அந்தச் சிரிப்புக்குள்ளேயே எவ்வளவு கொடுமை இருக்கிறது என்று புரிய வைக்கிறார். அபி நட்சத்திரா நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் என்னை அசைத்தது அம்மாவாக வரும் அனுமோள். மகள் ஒளித்து வைத்த விஷயம் தெரிந்த பிறகு பயம், கோபம், பெருமை மூன்றும் அவர் முகத்தில் மாறி மாறி வருகிறது. ஒரு சினிமாவில் இந்தப் பாத்திரத்துக்கு இரண்டு காட்சி கிடைத்திருக்கும். தொடர் என்பதால் முழுதாக ஒரு மனுஷியாக வளர இடம் இருந்தது.

அடுத்து 'சுழல்'. 2022இல் வந்த முதல் சீசனில் மயானக் கொள்ளைத் திருவிழா ஒவ்வொரு நாளாக நகர, காணாமல் போன பெண்ணைத் தேடும் கதையும் கூடவே நகர்ந்தது. இரண்டையும் பிரிக்க முடியாது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் சீசன் அஷ்டகாளித் திருவிழாவோடு வருகிறது. ஒரு வக்கீல் கொலை, எட்டுப் பெண்கள் 'நான்தான் செய்தேன்' என்று வந்து நிற்பது, இந்தத் தொடக்கம் அபாரம். நடுவில் மூன்று எபிசோடு தொய்ந்துவிட்டது. கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் இரண்டிலும் ஒரே தரம். ஆனாலும் முதல் சீசனின் ஸ்ரீயா ரெட்டி மாதிரி ஒருவர் இரண்டாவதில் இல்லாதது பெரிய இழப்பு.

என் கருத்து இதுதான்: நல்ல நடிகர்களுக்கு இன்று தமிழில் ஏற்ற இடம் சினிமாவை விடத் தொடர்தான். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

டோம்பிவலி லோக்கல்

மறுக்கிறேன் அக்கா. அயலி பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தை கூட மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அயலி விதிவிலக்கு. தமிழில் வரும் தொடர்களில் பாதி, இரண்டு மணி நேரப் படக்கதையை எட்டாக வெட்டி வைத்தவை. ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் ஒரு திடுக்கிடல், அடுத்ததன் தொடக்கத்தில் அது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். நான் டோம்பிவலியில் ஏறி சிஎஸ்எம்டி ரயில் நிலையம் போகும் வரை போனில் பார்க்கிற ஆள். தினமும் ஒரு எபிசோடு என்பது எனக்கு வசதிதான். அப்படியிருந்தும் பல தொடர்களை மூன்றாவது எபிசோடோடு விட்டிருக்கிறேன். அதில் ஒரே கொலை, ஒரே போலீஸ் ஸ்டேஷன், மழை பெய்யும் ஒரு மலையூர்.

படங்களைப் பாருங்கள். 'லப்பர் பந்து' (2024 செப்டம்பர்). மாமனார், மருமகன், நடுவில் கிரிக்கெட். சாதி எங்கே எப்படி நுழைகிறது என்பதை அணித் தேர்வை வைத்தே சொல்லிவிட்டார் இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து. அட்டகத்தி தினேஷ் நடுத்தர வயது ஆளாக, மகளுக்கு அப்பாவாக வருகிறார். இன்னொரு நடிகர் என்றால் நரைமுடியை ஒட்டிக்கொண்டு இளைஞன் போலவே நடப்பார். தினேஷின் நடையில் வயது இருக்கிறது, மட்டையைப் பிடிக்கும்போது அந்த வயது காணாமல் போகிறது. ஸ்வாசிகா அந்த வீட்டையே தாங்குகிறார். இதற்கு எட்டு மணி நேரமா தேவைப்பட்டது?

அப்புறம் மணிகண்டன். 'குட் நைட்', 'லவ்வர்', 'குடும்பஸ்தன்' மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒருவன் அப்பாவி, ஒருவன் காதலியை மூச்சுமுட்ட வைப்பவன், ஒருவன் கடனில் கழுத்துவரை மூழ்கியவன். 'லவ்வர்' படத்தில் நம்மை அவன்மேல் கோபப்பட வைக்கிறார், ஆனால் வெறுக்க விடுவதில்லை. இன்றைய கதாநாயகர்களில் பார்ப்பவரிடம் பிடித்தவனாக இருந்தே தீர வேண்டும் என்ற கவலை இல்லாத ஒரே ஆள் அவர்தான் என்பேன்.

வாஷி அம்மா

மணிகண்டனுக்கு என் ஓட்டும் உண்டு. குடும்பஸ்தன் பார்த்தபோது எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்தோம். கோயம்புத்தூர்ப் பேச்சு காதுக்கு அவ்வளவு இதம். நான் பொள்ளாச்சிப் பக்கம் என்பதால் கூடுதலாக ரசித்தேன்.

ஆனால் எங்கள் வீட்டில் நடக்கும் சண்டை வேறு. என் பிள்ளைகளுக்குத் தமிழ் காதால் புரியும், எழுத்து வராது. ஒரு தொடரைப் பிள்ளைகளோடு பார்க்க முடியுமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. 2021இல் வந்த விதிப்படி ஓடிடிக்காரர்கள் 13+, 16+ என்று தாங்களே வயது போட வேண்டும். போடவும் செய்கிறார்கள். இருந்தாலும் 16+ என்று இருப்பதில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. கதைக்குத் தேவைப்பட்டால் கெட்ட வார்த்தை வரட்டும், நான் தடுக்கவில்லை. ஒரு பாத்திரத்துக்குக் கோபம் என்று காட்ட வேறு வழி தெரியாமல் வரும் வார்த்தைதான் எரிச்சல்.

'கூலி'யில் இதே பிரச்சினை தியேட்டரில். 2025 ஆகஸ்ட் 14 அன்று 'ஏ' சான்றிதழோடு வந்தது. ரஜினி படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக முடியாமல் ஒரு வீடு தவிப்பது இதுவரை நடந்திருக்குமா? செப்டம்பர் 11 அன்று பிரைமில் வரும்வரை காத்திருந்து பார்த்தோம். பார்த்த பிறகு பெரியவனே கேட்டான், இதற்காகவா காத்திருந்தோம் என்று. நாகார்ஜுனா, சௌபின், உபேந்திரா, ஆமிர் கான் என்று இத்தனை பேர் வந்தும் கதை எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. சௌபின் ஷாஹிர் ஒருவர்தான் அதில் உயிரோடு இருந்தார்.

நெல்லைச்சீமை

அம்மா, கூலியைத் தியேட்டரில் பார்த்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பீர்கள். நான் முலுண்டில் பார்த்தேன். படம் முழுக்கக் குறை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரஜினி திரையில் வந்து நிற்கும்போது அந்த அரங்கில் இருந்த மராத்திக்காரர்களும் சேர்ந்து விசிலடித்தார்கள். நட்சத்திரம் என்றால் அதுதான். மணிகண்டன் நல்ல நடிகர். ஆனால் கடைசி வரிசையில் இருப்பவனை எழுந்து நிற்க வைப்பது வேறொரு திறமை. அதை நடிப்பில்லை என்று ஒதுக்குவது சரியில்லை.

அப்புறம் நட்சத்திரத்துக்கும் நடிகருக்கும் நடுவில் விஜய் சேதுபதி என்று ஒருவர் இருக்கிறார், அவரை யாரும் சொல்லவே இல்லையே. 'மகாராஜா' 2024 ஜூன் 14இல் தியேட்டரில், ஜூலை 12இல் நெட்ஃபிளிக்ஸில், சரியாக நான்கு வாரம். என் அலுவலகத்தில் தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஆட்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு அந்த நவம்பரில் சீனாவில் வெளியானது வரை என்னிடம் வந்து பேசினார்கள். இயக்குநர் நித்திலன் காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டதைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, ஸ்டேஷனில் குப்பைத் தொட்டி காணோம் என்று புகார் கொடுக்க வந்து அடிவாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதனின் முகம். முழு உண்மை தெரிந்த பிறகு அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதே முகம், ஆனால் வேறு படம்.

டோம்பிவலி லோக்கல்

மகாராஜாவில் சேதுபதி அருமை, மறுக்கவில்லை. இந்தியில் அவர் செய்வது எனக்கு ஒட்டவில்லை. 'ஃபர்ஸி'யில் அந்த அதிகாரி வேடத்தில் தன் பழைய பாணியையே இந்தியில் பேசிவிட்டுப் போகிறார். 'ஜவான்' வில்லனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செம்பூர் வாசகி

ஃபர்ஸியில் அவர் பேசும் இந்தி எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதுதான். மைக்கேல் வேதநாயகம் என்ற தமிழன் மும்பையில் வேலை பார்க்கிறான் என்றால் அவன் எப்படிப் பேசுவானோ அப்படிப் பேசினார். சயான் ஸ்டேஷனில் இறங்கினால் அந்த இந்தியைத்தான் கேட்பீர்கள். இந்திப் படங்களில் தமிழன் என்றால் 'அய்யோ' என்று ஆரம்பித்து நாக்கைச் சுழற்றிப் பேசும் கோமாளியாகத்தான் எத்தனை வருடம் வைத்திருந்தார்கள்! ஃபர்ஸியை எடுத்த அதே ராஜ், டிகே 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் சீசனில் தமிழ்ப் பாத்திரங்களைத் தமிழிலேயே பேசவிட்டார்கள். முத்துப்பாண்டியாக வந்த ரவீந்திர விஜய், செல்லம் சாராக வந்த உதய் மகேஷ், தேவதர்ஷினி எல்லாரும் அவரவர் மொழியில் இருந்தார்கள். ஈழத் தமிழர்களை அது காட்டிய விதத்தில் எனக்கும் கடும் மனக்குறை உண்டு. தமிழக அரசே தடை கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது நினைவிருக்கும். அது தனி விவாதம். மொழியை மதித்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

'மெரி கிறிஸ்துமஸ்' பார்த்தீர்களா? பழைய பம்பாய், ஒரு கிறிஸ்துமஸ் இரவு, தமிழிலும் இந்தியிலும் தனித்தனியாக எடுத்தார் ஸ்ரீராம் ராகவன். தமிழில் ராதிகாவும் சண்முகராஜனும் செய்த பாத்திரங்களை இந்தியில் வேறு நடிகர்கள் செய்தார்கள். நான் இரண்டையும் பார்த்தேன். தமிழ்தான் ஒரு படி மேல், ராதிகாவுக்காக.

தாராவிக்காரன்

எல்லாரும் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் உண்மையாக இருக்கிறதா என்று பார்ப்பேன் என்று அக்கா எழுதியதால் இதைச் சொல்கிறேன். சுழலின் சாம்பலூர் இருக்கிறது, வீரப்பண்ணை இருக்கிறது, கோயம்புத்தூர் இருக்கிறது. நம்ம ஊர் எங்கே?

நான் பிறந்து வளர்ந்தது தாராவி 90 அடி சாலைப் பக்கம். தாத்தா திருநெல்வேலியில் இருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். எங்களைப் பற்றித் தமிழில் வந்த படங்களை எண்ணினால், 'நாயகன்' (1987) தாதா. 'தலைவா' (2013) தாதா. 'காலா' (2018) தாதா என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஊரே கும்பிடும் ஒரு பெரிய கை. 'வெந்து தணிந்தது காடு' (2022), பரோட்டாக் கடையில் வேலைக்கு வந்த பையன் கடைசியில் துப்பாக்கி. அந்தப் படத்தின் முதல் ஒரு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். கடைக்கு மேலே நெருக்கியடித்துப் படுக்கும் இடம், மாவு பிசையும் கை, முதலாளியின் பார்வை, ஊருக்குப் பேசும் போன். சிலம்பரசன் அந்தப் பகுதியில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடித்தது அவர் வாழ்நாளின் நல்ல நடிப்பு. இது நம்ம கதை என்று நிமிர்ந்து உட்காரும்போது துப்பாக்கி வந்துவிட்டது.

தாராவியில் விடியற்காலை இட்லி அவித்து சைக்கிளில் வைத்து நகரம் முழுக்க விற்கப் போகிறவர்கள் யார்? தமிழர்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு அதற்குமேல் தமிழில் படிக்க வழியில்லாமல் மொழி மாறித் தடுமாறும் பிள்ளைகள் யார்? மறுசீரமைப்பு என்று கணக்கெடுக்க வந்தவர்களிடம் காட்ட, தாத்தா காலத்துக் காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்கும் வீடுகள் யாருடையவை? இத்தனை கதை இங்கே கிடக்கிறது. ஒரு ஓடிடி நிறுவனத்துக்கும் கண்ணில் படவில்லை. கிரிக்கெட் ஆடும் தமிழ்ப் பையன்கள் இங்கே சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். 'லப்பர் பந்து' மாதிரி ஒன்றை இங்கே எடுத்திருக்கலாமே!

இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். வேலைக்குப் போகும் இடத்தில் 'தாராவியா?' என்று கேட்டு ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையை உண்டாக்கியதில் இந்தப் படங்களுக்கும் பங்கு இருக்கிறது.

மாட்டுங்கா பழசு

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் நாயகனை அந்தப் பட்டியலில் சேர்த்து ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் படம் வந்த வருடம் நான் மாட்டுங்காவில்தான் இருந்தேன். நாயகன் பாத்திரத்துக்கு மூலமான இந்த ஊர்த் தமிழ் தாதா வரதராஜ முதலியார், ஸ்டேஷன் பக்கத்தில் போட்ட கணபதி பந்தலை இந்தப் பகுதி முழுக்க அறியும். 1960களில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இங்கே கிளம்பிய போராட்டத்தில் கடைகள் உடைபட்டன, அடி விழுந்தது. அதைப் பார்த்த தலைமுறைக்கு, நமக்கென்று ஒருவன் நிற்கிறான் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். கமல் அந்தக் கிழவனாக உட்கார்ந்து பேரனுக்குப் பதில் சொல்லும் இடத்தில் படம் தாதாவைப் புகழ்கிறதா, கேள்வி கேட்கிறதா? கேள்விதான் கேட்கிறது. தாராவியைச் சென்னையில் ஸ்டுடியோவுக்குள் கட்டிய தோட்டா தரணிக்குத் தேசிய விருது, கமலுக்கும் பி.சி. ஸ்ரீராமுக்கும் விருது. தப்பு அதைப் பார்த்துக் காப்பி அடித்தவர்களுடையது.

நீங்கள் கேட்கும் மாதிரிக் கதையும் இங்கே இல்லாமல் இல்லை. டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் படித்துவிட்டு ரயிலேறி வந்து, மாட்டுங்காவில் ஒரே அறையில் ஐந்து பேராகத் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, ஃபோர்ட்டில் வேலை பார்த்த குமாஸ்தாக்களைப் பற்றி யாராவது ஒரு தொடர் எடுக்கட்டும், நான் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

தொடர் என்றதும் ஒன்று. ஓடிடி வந்துதான் தமிழுக்கு நல்ல தொடர் வந்தது போல் பேசுகிறார்கள். தொண்ணூறுகளில் 'மர்மதேசம்' வந்ததே! இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'விடாது கருப்பு'வுக்காக எங்கள் கட்டடத்தில் இரவுச் சாப்பாட்டு நேரமே மாறியது. அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் அதே நாகா இயக்கிய 'தலைவெட்டியான் பாளையம்' (2024) தொடரில் மறுபடி வருகிறார்கள். 'பஞ்சாயத்' என்ற இந்தித் தொடரின் தமிழ் வடிவம் அது. இந்தியில் ஏற்கெனவே பார்த்தவர்கள் தமிழைத் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டும். சேத்தனுக்காகவாவது.

நெல்லைச்சீமை

சார், பஞ்சாயத்தை இந்தியில் பார்த்த எனக்குத் தலைவெட்டியான் பாளையம் இரண்டு எபிசோடுக்கு மேல் போகவில்லை. அந்தக் கதை உத்தரப் பிரதேசத்து மண்ணுக்கென்று எழுதியது. நம்ம கிராமத்தில் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல், இட ஒதுக்கீடு, சாதி எல்லாம் வேறு விதமாக ஓடும். சட்டையை மட்டும் மாற்றிவிட்டு அதே ஆள் என்றால் எப்படி? சேத்தன் நன்றாகச் செய்திருக்கிறார் என்பது உண்மை. 'விடுதலை'யில் அந்தப் போலீஸ் அதிகாரியாக அவரைப் பார்த்து மிரண்டவன் நான். அதே மனிதர் இங்கே அப்பாவிக் கணவராக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவாவது அந்த இரண்டு எபிசோடு தகும்.

வாஷி அம்மா

தாராவிக்காரன் தம்பி எழுதியதைப் படித்ததில் இருந்து 'காலா' பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. அது தாதா படமாக எனக்குப் படவில்லை. அந்தக் கதையில் சண்டையே நிலத்துக்காகத்தான். யாருக்கு நிலம், யார் துப்புரவு, யார் அழுக்கு என்று நானா படேகரும் ரஜினியும் உட்கார்ந்து பேசுகிறார்களே, நீங்கள் மறுசீரமைப்பு என்று எழுதியது அதைத்தானே? செல்வியாக வரும் ஈஸ்வரி ராவ் திருநெல்வேலிப் பேச்சில் ரஜினியையே வாயடைக்க வைப்பார். வீட்டுக்குள் அப்படி ஒரு ரஜினியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, காலாவின் கடைசி மகன் லெனினாக வந்தது யார் என்று நினைவிருக்கிறதா? இங்கே எல்லாரும் புகழும் அதே மணிகண்டன்தான்.

தாராவிக்காரன்

அம்மா, காலா பார்த்து அழுதவன் நான். எங்கள் பக்கத்தில் அந்தப் படத்தைச் சொந்தப் படமாகவே நினைத்தார்கள். என் வருத்தம் இயக்குநர் ரஞ்சித்மேல் இல்லை. அந்த வீட்டில் லெனின் எப்படிப் படித்தான், என்ன வேலைக்குப் போனான், செல்விக்கு அக்கம்பக்கத்தில் யார் தோழி என்று விரித்துச் சொல்ல ஒரு ரஜினி படத்தில் இடம் கிடைக்காது. அங்கேதான் வாசகி அக்கா சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்குத் தொடர்தான் சரி.

டோம்பிவலி லோக்கல்

இதைச் சொன்னால் நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் அந்தத் தொடரை யார் எடுப்பார்கள் என்பதுதான் கேள்வி. தமிழ்க் குழு எடுத்தால் மும்பை என்றாலே துப்பாக்கி. இந்திக் குழு எடுத்தால் தாராவி என்றாலே தகரக் கூரையும் ட்ரோன் ஷாட்டும். 2025இல் வந்த 'குபேரா'வைப் பாருங்கள். கதை மும்பையில் நடக்கிறது, தனுஷ் பிச்சைக்காரனாக வருகிறார். தனுஷ் என்ன ஒரு நடிகர்! குப்பை மேட்டில் அந்த மனிதனாகவே மாறிவிட்டார். கண்ணை எங்கே வைப்பது, கையை எப்போது நீட்டுவது என்று ஒவ்வொன்றும் யோசித்து நடித்தது. ஆனால் அதில் தெரியும் மும்பை பெரிய பணக்காரனின் மாளிகையும் குப்பைக் கிடங்கும்தான். நடுவில் இரண்டு கோடிப் பேர் இருக்கிறோமே!

தமிழகத்துக்கு வெளியே வாழும் சாதாரணத் தமிழனை இந்திப் படங்களில் செய்ததும் தனுஷ்தான். 'ராஞ்சனா'வில் காசியில் வாழும் தமிழ்ப் புரோகிதரின் பிள்ளை. 2025 நவம்பரில் வந்த 'தேரே இஷ்க் மேன்' படத்தில் டெல்லியில் படிக்கும் தமிழ்ப் பையன், அப்பாவாகப் பிரகாஷ் ராஜ். அந்தப் படம் காதலைக் காட்டும் முறை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பெண்ணைத் துரத்துவதை எத்தனை வருடம்தான் காதல் என்று சொல்வார்கள்? ஆனால் பிரகாஷ் ராஜும் தனுஷும் வரும் அப்பா, பிள்ளை காட்சிகள் மட்டும் வேறு ஒரு நல்ல படத்தில் இருந்து வந்தவை போல இருந்தன.

செம்பூர் வாசகி

அப்படியே கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் படத்தில் பெண் பாத்திரத்துக்கு நடந்ததைப் பார்த்து எனக்குப் பாதியில் எழுந்து போகலாம் போல இருந்தது.

பெண்களுக்கு நடப்பது பற்றிப் பேச்சு வந்ததால் சூரியையும் சொல்லிவிட வேண்டும். 'கொட்டுக்காளி' (2024) யாராவது பார்த்தீர்களா? ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஷேர் ஆட்டோவில் சாமியாரிடம் அழைத்துப் போகிறது. அவ்வளவுதான் கதை. பின்னணி இசையே கிடையாது. அன்னா பென் படம் முழுக்கக் கிட்டத்தட்டப் பேசவே மாட்டார். சூரிக்குத் தொண்டை கட்டிப்போன குரல். அவர் கைநீட்டும் அந்த ஒரு காட்சியில் என் வயிறு சுருண்டது. நேற்றுவரை நம்மைச் சிரிக்க வைத்தவர் என்பதே நினைவில்லாமல் பயந்தேன். நட்சத்திரம், நடிகர் என்று மேலே பேசினோமே, இந்த வருடங்களில் அதிக தூரம் நடந்து வந்தவர் சூரிதான். இதைத் தயாரித்தது சிவகார்த்திகேயன் என்பதற்காக அவருக்கும் ஒரு வணக்கம்.

நெல்லைச்சீமை

கொட்டுக்காளியை வீட்டில் பார்த்தது தப்பு என்று நினைக்கிறேன். தெருவில் மெட்ரோ வேலை நடக்கிற சத்தத்துக்கு நடுவே அந்த மௌனம் நிற்கவில்லை. அந்தப் படத்துக்குத் தியேட்டர் வேண்டும். மும்பையில் ஓடிய காட்சிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரிய நட்சத்திரப் படத்துக்கு மட்டும் விடியற்காலையில் கதவு திறக்கிறார்கள். கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் 2016இல் கபாலிக்கு இருட்டோடு போய் நின்ற கூட்டம் எனக்கு நினைவிருக்கிறது. இந்த மாதிரிப் படத்துக்கு ஒரு மாலைக் காட்சி கொடுத்தால் போதும்.

மாட்டுங்கா பழசு

அரோராவைச் சொல்லிவிட்டீர்கள். அங்கே படம் பார்த்தவர்களுக்கு வேறு எந்த ஹாலும் பிடிக்காது.

யாரும் 'மெய்யழகன்' பற்றி எழுதவில்லையே. மூன்று மணி நேரம் இழுவை என்று சொல்லி, வெளியான பிறகு பதினெட்டு நிமிடம் வெட்டினார்கள். வெட்டியது அநியாயம். பங்காளிச் சண்டையில் வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன ஒருவன், இருபது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஓர் இரவு வருகிறான். அரவிந்த் சாமி அந்த வீட்டைப் பார்க்கும் பார்வை, கார்த்தி அவரைத் தாங்கும் விதம். கார்த்தி பேசிக்கொண்டே இருப்பது சிலருக்கு எரிச்சலாம். ஊரில் உறவுக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். நீளம்தான் அந்தப் படத்தின் உயிர்.

வாஷி அம்மா

எங்கள் வீட்டில் மெய்யழகனை இரண்டாம் முறையும் பார்த்தோம். என் கணவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் ஊருக்குப் போன் செய்தார்.

டோம்பிவலி லோக்கல்

மெய்யழகன் நல்ல படம்தான், ஆனால் பின்பாதியில் ஜல்லிக்கட்டு, வரலாறு என்று பாடம் எடுப்பது எனக்கு ஒட்டவில்லை. பதினெட்டு நிமிடத்தில் பாதியை நானும் வெட்டியிருப்பேன். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் இதே பாசம் இருக்கிறது, பாடம் கம்மி. ஊரை விட்டு வந்தவர்கள் புதுத் தெருவில் எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதை அபிஷன் ஜீவிந்த் முதல் படத்திலேயே அவ்வளவு லேசாகச் சொன்னார். சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவியாக அத்தனை இயல்பு. வரிசை வீடுகளில் நெருங்கி வாழும் நம்ம மும்பைச் சால் வாழ்க்கைக்கு அந்தத் தெரு எவ்வளவு பக்கம்!

தாராவிக்காரன்

டூரிஸ்ட் ஃபேமிலி மாதிரிதான் எனக்கும் வேண்டும் அண்ணே. பெரிய பட்ஜெட் கேட்கவில்லை. ஒரு சந்து, நாலு வீடு. பழைய தோல் கிடங்குக் கணக்குப்பிள்ளையாகப் பசுபதி. 'சார்பட்டா'வில் ரங்கன் வாத்தியாராக நின்ற அதே உடம்பு, 2025 டிசம்பரில் வந்த 'குற்றம் புரிந்தவன்' தொடரில் குற்ற உணர்ச்சியில் கூனிப்போன மனுஷனாக வந்ததே, அந்த இரண்டும் சேர்ந்த ஆள் எங்கள் சந்தில் இருக்கிறார். மகளாக ஐஸ்வர்யா ராஜேஷ். பேரனாகப் புதுப் பையன், இங்கேயே பிறந்தவன்.

செம்பூர் வாசகி

மகனாக மணிகண்டனா?

தாராவிக்காரன்

மகனாகக் கலையரசன். சார்பட்டாவில் வெற்றியாக, அப்பாவின் ஒரு வார்த்தைக்கு ஏங்கித் திரியும் மகனாக வந்தாரே, அந்த ஏக்கம் இங்கே வேண்டும். மணிகண்டனை வசனம் எழுதச் சொல்லலாம், விக்ரம் வேதாவுக்கு எழுதியவர்தானே.

நெல்லைச்சீமை

ஒரே ஒரு நிபந்தனை. சென்னையில் செட் போடாமல் இங்கேயே எடுக்க வேண்டும். அந்தப் பேரன் பாட்டியிடம் நெல்லைத் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி என்று மூன்றும் பேச வேண்டும், டப்பிங் கூடாது.

மாட்டுங்கா பழசு

மூன்றாவது வீட்டில் ஒரு ரிட்டயர்டு ஸ்டெனோவைக் குடிவையுங்கள். அந்தப் பாத்திரத்துக்கு சேத்தன்.